கோயில் மேளமும் ஒரு பைட் கட்டளையும்: கணினியிலிருந்து மோட்டாரை இயக்கும் பாடம்



நம்ம ஊர்க் கோயில்களில் தீபாராதனை நேரத்தில் தானாக முழங்கும் மின் மேளத்தைப் பார்த்திருப்பீர்கள். மணி, முரசு, ஜால்ரா எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் இருக்கும். பின்னால் ஒரு மோட்டார். சுவிட்சைத் தட்டினால் ஒரே வேகத்தில் அடிக்கும், மறுபடி தட்டினால் நிற்கும். பீடோர் பக்கம் எங்கள் கோயிலில் இருந்ததும் அப்படி ஒன்றுதான்.

குருக்களுக்கு ஓர் ஆசை. திரை விலகும்போது மெதுவாக ஆரம்பித்து, தீபம் காட்டும்போது வேகம் ஏறி, கடைசியில் மெல்ல அடங்கவேண்டும். “நீங்கதான் இஞ்சினியரிங் படிக்கிறீங்களே, முடியாதா?” என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வேலையில் நான் கற்றதும், நான் செய்த தவறும்தான் இந்தப் பாடம்.

மூன்று பாகங்கள்

முதலாவது, மோட்டார். பழைய இரும்புக் கடையில் ஒரு காரின் வைப்பர் மோட்டார் கிடைத்தது. 12 வோல்ட். உள்ளேயே பல்சக்கரம் இருப்பதால் மெதுவாகவும் பலமாகவும் சுற்றும்.

இரண்டாவது, மோட்டார் கன்ட்ரோலர். கணினியோ ஆர்டுயினோவோ நேரடியாக மோட்டாரைச் சுற்ற முடியாது. ஆர்டுயினோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது. வைப்பர் மோட்டார் தடைபட்டு நின்றால் 10 ஆம்பியரையும் தாண்டி இழுக்கும். பலரும் முதலில் வாங்கும் எல்298 போர்டு ஒரு மோட்டாருக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும், அதனால் அது இதற்குப் போதாது. நான் பி.டி.எஸ்.7960 சிப்புகள் உள்ள போர்டை எடுத்தேன். கன்ட்ரோலர் மின்சாரத்தை ஒரு நொடிக்குப் பல நூறு முறை திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும்.

மூன்றாவது, மொழி. கணினி “இவ்வளவு வேகம்” என்று சொல்லவேண்டும், ஆர்டுயினோ அதைப் புரிந்துகொண்டு கன்ட்ரோலருக்குச் சொல்லவேண்டும். இதற்குத்தான் சீரியல் தொடர்பு.

ஒரு வயரில் வரிசையாக

சீரியல் என்றால் வரிசை. எட்டு பிட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வயரில் போகும். ஆர்.எஸ்.232 என்ற தரம் 1960-இல் வந்தது. பழைய கணினிகளின் பின்னால் ஒன்பது ஊசிகளோடு இருந்த துவாரம் அதற்கானது. இன்றைய மடிக்கணினியில் அது இல்லை. யு.எஸ்.பி. கேபிளைச் செருகினால் ஆர்டுயினோ ‘காம்3’ போன்ற ஒரு பெயரில் அதே மாதிரி சீரியல் துவாரமாகக் கணினிக்குத் தெரியும். பைத்தானில் ‘பைசீரியல்’ என்ற இலவச நூலகத்தை வைத்து அதற்கு எழுதலாம்.

வேகத்தை இரு பக்கமும் ஒன்றாக வைக்கவேண்டும். நான் வைத்தது 9600. அதாவது நொடிக்கு 9600 பிட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட், ஆகப் பத்து. எனவே நொடிக்கு 960 பைட். ஒரு பைட் போக ஏறக்குறைய 1 மில்லி நொடி. மேளத்துக்கு இது தாராளம்.

இரண்டு விஷயம் மறக்காதீங்க. மோட்டாரின் 12 வோல்ட் பெட்டியின் நெகட்டிவ் வயரும் ஆர்டுயினோவின் கிரவுண்டும் இணைந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் கட்டளை போயும் கன்ட்ரோலருக்குப் புரியாது. அடுத்து, கணினி சீரியல் துவாரத்தைத் திறந்ததும் ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒருமுறை புதிதாகத் தொடங்கும். இரண்டு நொடி பொறுத்து அனுப்புங்கள், அதற்கு முன் அனுப்புவது வீணாகும்.

எண்களுக்கு ஓர் அர்த்தம்

சேபர்டூத் என்ற பெயரில் விற்கும் கன்ட்ரோலர்களில் ஓர் எளிய முறை உண்டு. ஒரே ஒரு பைட் போதும். முதல் மோட்டாருக்கு 1 என்றால் முழு வேகத்தில் பின்புறம், 64 என்றால் நில், 127 என்றால் முழு வேகத்தில் முன்புறம். இரண்டாவது மோட்டாருக்கு 128 முதல் 255 வரை. 0 வந்தால் இரண்டும் நிற்கும். இந்த எண் முறை எனக்குப் பிடித்திருந்தது. முதல் மோட்டாருக்கான பகுதியை மட்டும் என் ஆர்டுயினோ நிரலில் அப்படியே வைத்துக்கொண்டேன். 70 என்றால் மெதுவாக, 110 என்றால் வேகமாக.

முதல் நாளே மேளம் பின்பக்கமாகச் சுற்றியது. காரணம் தெரிய ஒரு மணி நேரம் ஆனது. நான் 70 என்ற எண்ணை அனுப்பவில்லை, ‘70’ என்ற எழுத்துகளை அனுப்பியிருந்தேன். கணினியில் ‘7’ என்ற எழுத்தின் குறியீடு 55, ‘0’ என்ற எழுத்தின் குறியீடு 48. இரண்டுமே 64-க்குக் கீழே. அதனால் பின்புறம். கூடவே வரி முடிவுக் குறியீட்டையும் அனுப்பியிருந்தேன், அதன் எண் 10. அதாவது கிட்டத்தட்ட முழு வேகத்தில் பின்புறம்! எண்ணை அனுப்புகிறோமா எழுத்தை அனுப்புகிறோமா என்று பார்ப்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

நிற்காத மேளம்

அதைத் திருத்தியபின் எல்லாம் அழகாக ஓடியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஒத்திகை. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். 110 அனுப்பினேன், மேளம் முழங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் படம் பிடிக்க எழுந்து போனேன்.

கொஞ்ச நேரத்தில் மடிக்கணினி மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கிவிட்டது. ஆர்டுயினோவுக்கு 12 வோல்ட் பெட்டியிலிருந்து தனியாக மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. அது கடைசியாகக் கேட்டது 110. ‘நில்’ என்று யாரும் சொல்லாததால் அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஓடி வந்து பட்டன்களைத் தட்டுகிறேன், திரை கறுப்பாகவே இருக்கிறது. அதற்குள் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் உதவி செய்வதாக நினைத்து அடிக்கும் கோலைக் கையால் பிடிக்கப் போனான். என் நண்பன் பிளக்கைப் பிடுங்கினான். பையனின் விரலில் அடி பட்டு வீங்கியதோடு போயிற்று. அரை நொடி தாமதமாகியிருந்தால் அவன் விரல் கோலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருக்கும். அவன் அம்மா முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

பழைய மேளத்தைப் பல வருடம் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொண்ட ஒரு தாத்தா எங்கள் கோயிலில் இருக்கிறார். தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவர் கோபப்படவில்லை. ஒன்றுதான் கேட்டார்: “பழைய சுவிட்சுல கைய வெச்சா நின்னுரும். ஒங்க கம்ப்யூட்டர்ல எங்கப்பா நிறுத்துறது?”

எனக்குப் பதில் இல்லை. வேகத்தை எப்படிக் கூட்டுவது என்று மூன்று வாரம் யோசித்தவன், எப்படி நிற்கும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

திருத்திய முறை

ஒன்று, அவசரப் பொத்தான். மோட்டாருக்குப் போகும் 12 வோல்ட் வயரிலேயே சிவப்புப் பொத்தான் ஒன்றை வைத்தோம். அதற்கும் நிரலுக்கும் சம்பந்தமில்லை. அழுத்தினால் மோட்டாருக்கு மின்சாரமே போகாது. குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் இருக்கிறது.

இரண்டு, மௌனம் என்றால் நில். கணினி இப்போது வேகம் மாறாவிட்டாலும் நொடிக்கு ஐந்து முறை அதே கட்டளையைத் திரும்பச் சொல்கிறது. ஆர்டுயினோ ஒரு நொடிக்குச் சரியான கட்டளை எதுவும் கேட்கவில்லை என்றால், கணினி போய்விட்டது என்று முடிவு செய்து மோட்டாரை நிறுத்திவிடும். கேபிள் கழன்றாலும், கணினி தூங்கினாலும், நிரல் உறைந்தாலும் மேளம் ஒரு நொடியில் நிற்கும்.

மூன்று, தப்பாகக் கேட்டதை ஏற்காதே. மோட்டார் சுற்றும்போது பக்கத்து வயர்களில் மின் இரைச்சல் வரும். 70 என்பதன் இரும வடிவம் 01000110. அதில் ஒரே ஒரு பிட் மாறி 01100110 ஆனால் அது 102! மெதுவாக அடிக்கவேண்டியது திடீரென்று வேகமெடுக்கும். அதனால் ஒரு பைட்டுக்குப் பதில் மூன்று பைட் அனுப்புகிறோம். முதலில் 255, ‘கட்டளை வருகிறது’ என்பதற்கு. அடுத்து வேகம். கடைசியில் சோதனை எண். வேகமும் சோதனை எண்ணும் கூட்டினால் 255 வரவேண்டும். 70-க்கு 185. வழியில் 70 என்பது 102 ஆனால் 102-உம் 185-உம் சேர்ந்து 287. கணக்கு உதைக்கிறது, தூக்கிப் போடு. சேபர்டூத்திலும் சோதனை எண்ணோடு அனுப்பும் முறை ஒன்று தனியாக இருக்கிறது.

நான்கு, தானாகத் திரும்ப ஓடாதே. நின்றுபோன மேளம், கேபிளைச் செருகியதும் திடீரென்று அடித்தால் அப்போது கை வைத்திருப்பவர் கதி என்ன? அதனால் ஒருமுறை நின்றால், முதலில் 64 வந்தபிறகுதான் வேறு வேகத்தை ஏற்கும். பொலோலு நிறுவனத்தின் சில கன்ட்ரோலர்களிலும் இதேபோல, தனிக் கட்டளை கொடுத்துப் பூட்டைத் திறந்தால்தான் மோட்டார் ஓடும்.

ஐந்து, சின்ன விஷயம். ஆர்டுயினோ புதிதாகத் தொடங்கும் அந்தச் சில கணங்களில் அதன் பின்கள் எதையும் தெளிவாகச் சொல்லாது. கன்ட்ரோலரின் இயக்கு பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டோம். யாரும் பேசாத நேரத்தில் ‘நில்’ என்றே இருக்கும். கோலைச் சுற்றி ஒரு கம்பி வலையும் அடித்தாயிற்று.

மேளத்தைத் தாண்டி

இது கோயிலோடு முடிகிற விஷயமில்லை. நம் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தார்கள். இன்று பீடோரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனை. ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் பெரிய மோட்டார்களின் வேகத்தை மாற்ற இன்வர்ட்டர்கள் இருக்கின்றன. அவற்றில் பல பேசும் மொழி மோட்பஸ், 1979-இல் வந்தது. அது பெரும்பாலும் போவது ஆர்.எஸ்.485 வயரில், 1200 மீட்டர் வரை. முகவரி, கட்டளை, தரவு, கடைசியில் சோதனை எண் என்ற அதே வரிசை. தொடர்பு அறுந்தால் என்ன செய்யவேண்டும் என்ற அமைப்பும் பல இன்வர்ட்டர்களில் உண்டு. எஸ்.பி.எம். முடித்துப் பாலிடெக்னிக் போகிறவர்கள், தொழிற்சாலையில் சேருகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், இயந்திரத்தைத் துடைக்கும் இடத்திலிருந்து அதோடு பேசும் இடத்துக்குப் போகலாம்.

செய்து பாருங்கள்

1. ‘நில்’ என்ற 64-க்கு மூன்று பைட் கட்டளையை எழுதுங்கள். (விடை: 255, 64, 191.)

2. மூன்று பைட் கட்டளையை நொடிக்கு ஐந்து முறை அனுப்பினால் 9600 வேகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும்? (விடை: 960 பைட்டில் 15 மட்டும்.)

3. உங்கள் கிளையில் ஒரு சிறிய பொம்மை மோட்டாரை வைத்து இதைச் செய்யுங்கள். ஓடும்போதே கேபிளைப் பிடுங்குங்கள். நிற்கவில்லை என்றால் பெரிய மோட்டார் பக்கம் போகாதீங்க.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் புதிய மேளம் முழங்கியது. குருக்கள் கேட்ட மாதிரியே மெதுவாக ஆரம்பித்து, ஏறி, அடங்கியது. பூசைக்கு முன்பே தாத்தா வந்து, ஓடிக்கொண்டிருந்த மேளத்தின் யு.எஸ்.பி. வயரைத் தன் கையாலேயே கழற்றிப் பார்த்தார். ஒரு நொடியில் நின்றது. “சரி, சாமிக்கு அடிக்கலாம்” என்றார். என் படிப்பில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்களிலேயே பெரியது அதுதான்.