விடுமுறையில் குடும்பத்தோடு ஆட எந்த ஊர் நல்லது?

"டாக்டரய்யா, மாப்பிள்ளை துபாயிலேர்ந்து வர்றாரு. குடும்பத்தோட எங்கயாவது போயி 'பேடல்' ஆடணுங்காரு. எனக்கு பிரஷர் இருக்கு. ஆடலாமா? எந்த ஊருக்குப் போகலாம்?"

ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. ஒரே மூச்சில் ரெண்டு கேள்வி. ஊரைப் பற்றி ஒன்று, உடம்பைப் பற்றி ஒன்று. யோசித்துப் பார்த்தால் ரெண்டும் ஒன்றுதான். எந்த ஊர் என்பதைப் பொறுத்துத்தான் ஆடலாமா, கூடாதா என்று சொல்ல முடியும்.

பேடல் என்றதும் சைக்கிள் பெடலோ என்று நினைத்துவிடாதீர்கள்! இது ஒரு பந்தாட்டம். 1969ல் மெக்சிகோ நாட்டின் அகபுல்கோ நகரில் என்ரிகே கோர்குவேரா என்பவர் தன் வீட்டில் அமைத்த ஆடுகளத்தில் பிறந்தது. பிறகு ஸ்பெயின், அர்ஜென்டினா என்று பரவி, இன்றைக்கு வளைகுடா நாடுகளில் சக்கைப்போடு போடுகிறது. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சுற்றிலும் கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும். பக்கத்துக்கு ரெண்டு பேர். மட்டையில் நரம்பு கிடையாது. ஓட்டை போட்ட பலகை மாதிரி இருக்கும். பந்தைத் தரையில் ஒருமுறை தட்டவிட்டு, இடுப்புக்கு மேலே போகாமல் அடித்துத்தான் ஆட்டத்தை ஆரம்பிக்க வேண்டும். பந்து சுவரில் பட்டுத் திரும்பி வந்தாலும் அடிக்கலாம்.

இதனால்தான் குடும்பத்துக்கு ஒத்துப்போகிறது. தாத்தாவும் பேத்தியும் ஒரு பக்கம் நிற்கலாம். தோளைத் தூக்கி ஓங்கி அடிக்கத் தெரியாதவர்களும் முதல் நாளே ஆடிவிடலாம். பந்து பொறுக்க ஓட வேண்டியதில்லை.

சரி, நம்ம பக்கம் அந்தக் களத்துக்கு எங்கே போவது? சென்னை, பெங்களூர் போல பெரிய நகரங்களுக்குத்தான் போக வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் சென்னைக்குப் போய் ஆடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கையில் இருப்பதை வைத்து யோசிப்போம்.

நம்ம வீட்டு பேடல்

பூப்பந்து இருக்கிறதே! தஞ்சாவூர் அரச குடும்பத்தில் 1856லேயே ஆடியதாகச் சொல்லப்படும் விளையாட்டு. மஞ்சள் கம்பளி நூல் பந்து, எடை 27, 28 கிராம்தான். போட்டிக்கு 24 மீட்டருக்கு 12 மீட்டர் களம் வேண்டும். குடும்பமாக ஆடுவதற்கு அதில் பாதி போதும். பக்கத்துக்கு ஐந்து பேர் வரை நிற்கலாம் என்பதால் மாமா, மச்சான், அத்தை, சித்தி யாரையும் வெளியே உட்கார வைக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில் விடுதி வாசலில் சாயங்காலம் இதுதான் எங்களுக்கு ஆட்டம்.

இன்னொன்று டென்னிகாய்ட், அதாவது ரப்பர் வளையம் வீசிப் பிடிக்கும் ஆட்டம். இன்றைக்கு நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் தாய்மார்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் இதை ஆடியவர்கள்தான். வளையத்தை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். "எனக்கெதுக்குங்க இதெல்லாம்" என்பார்கள். பத்தாவது நிமிஷம் மாப்பிள்ளை தோற்றுப்போய் நிற்பார்! ரெண்டு கம்பம், ஒரு வலை, 40 அடிக்கு 18 அடி இடம். காரின் டிக்கியில் போட்டு எடுத்துப் போகலாம்.

இறகுப் பந்து ஆடலாமே என்பீர்கள். ஆடலாம், காற்று விட்டால். இந்தக் காற்றுதான் ஊரைத் தேர்ந்தெடுப்பதில் முதல் விஷயம்.

குற்றாலமா, கொடைக்கானலா, கடலோரமா?

நிலத்துக்கு ஏற்ப உடம்பு மாறும் என்கிறது சித்த மருத்துவம். மலை சார்ந்த குறிஞ்சியில் சுரமும் கபமும் தலைதூக்கும், கடல் சார்ந்த நெய்தலில் வாதம் மிகும், வயல் சார்ந்த மருதமே உடம்புக்கு இதம் என்பது அதன் கணக்கு. வீட்டில் ஆஸ்துமாக்காரர், மூட்டுவலிக்காரர், சின்னக் குழந்தை என்று யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்யுங்கள் என்பதுதான் இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது குற்றாலம். மதுரை - செங்கோட்டை ரயிலில் ஏறினால் தென்காசியில் இறங்கிக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் சீசன். ஆடிப்பூரத் தேருக்கு ஊருக்கு வரும் சொந்தபந்தங்களை அப்படியே கூட்டிக்கொண்டு போவது நம்ம வழக்கம். அந்த மாதங்களில் தென்காசிப் பக்கம் அடிக்கிற காற்று இருக்கிறதே, அங்கே காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன! இறகுப் பந்து எங்கேயோ பறந்துபோய்விடும். பூப்பந்து கொஞ்சம் தாங்கும், வளையம் நன்றாகவே தாங்கும். அருவிக்கரையை ஒட்டிய தங்குமிடங்களில் சாரலில் நனைந்த சிமெண்ட் தரையில் பாசி பிடித்திருக்கும். அதில் ஓடினால் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு எலும்பு முறியும். அதனால் ஆட்டத்துக்குத் தென்காசிப் பக்கம் காய்ந்த மண் தரையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி முடித்து அரை மணி கழித்து, வேர்வை அடங்கிய பிறகு அருவி.

அருவியில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 2024 மே 17ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். மேலே மலையில் மழை பெய்தால் கீழே குளிக்கிறவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் வர ஆரம்பித்தால் துணியை எடுக்கக்கூட நிற்காதீர்கள், பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். நம்ம அய்யனார் கோவில் ஆற்றுக்கும் இதே விதிதான்.

கொடைக்கானல் சுமார் 7000 அடி உயரம். வெயில் இல்லை, ஆடச் சுகம். ஆனால் காற்று லேசு என்பதால் சீக்கிரம் மூச்சு வாங்கும். போன அன்றைக்கே மட்டையைத் தூக்காதீர்கள். முதல் நாள் ஏரியைச் சுற்றி நடை மட்டும், மறுநாள் ஆட்டம். மூச்சிரைப்பு உள்ளவர்கள் காலைப் பனியில் ஆட வேண்டாம், பத்து மணிக்கு மேல் ஆடலாம். 2024 மே 7லிருந்து அங்கேயும் நீலகிரிக்கும் போக இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூர், கன்னியாகுமரி மாதிரி கடலோரம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அலை நனைத்து இறுகிய மணலில் மட்டும் ஆடுங்கள். பொத பொத மணலில் ஓடினால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். சர்க்கரை நோயாளிகள் எக்காரணம் கொண்டும் வெறுங்காலோடு மணலில் ஆடக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சிப்பி கிழித்ததும் தெரியாது, சூடு கொப்பளித்ததும் தெரியாது. வீடு திரும்பி நாலு நாள் கழித்துப் புண்ணோடு வருவார்கள். அந்தப் புண்ணில்தான் எத்தனையோ பேர் விரலை இழந்திருக்கிறார்கள்.

செண்பகத்தோப்புக்குப் போய் ஆடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது சாம்பல் நிற அணில்களுக்காக 1988ல் சரணாலயமானது. 2021லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. வனத்துறை அனுமதிக்கிற இடத்தில் நடந்து பார்த்துவிட்டு வரலாம். பந்தும் கூச்சலும் அங்கே வேண்டாம்.

ஆஸ்பத்திரி எத்தனை தூரம்?

லாட்ஜ் பிடிக்கும்போது ஏ.சி. இருக்கா, டி.வி. இருக்கா என்று கேட்கிறோம். ஈ.சி.ஜி. எடுக்கிற ஆஸ்பத்திரி எத்தனை தூரம் என்று யாரும் கேட்பதில்லை. நான் இதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

வருஷம் முழுக்கக் கல்லாப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுக்காரர், முந்தின ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் ஒரு பிடி பிடித்துவிட்டு, காலையில் மாப்பிள்ளை முன்னால் விட்டுக்கொடுக்காமல் துள்ளுகிறார். நெஞ்சைப் பிசைகிறது, இடது கையோ தாடையோ வலிக்கிறது, சில்லென்று வேர்க்கிறது. உடனே வீட்டில் என்ன சொல்வார்கள்? "வாயுப் பிடிப்புங்க. ஓம வாட்டர் குடிச்சா சரியாயிரும்." அந்த ஓம வாட்டரில் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இருதயத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உயிர். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், இந்த இடத்தில் கஷாயமும் தைலமும் வேண்டாம். ஆட்டத்தை நிறுத்தி, உட்கார வைத்து, 108க்குப் போன் செய்யுங்கள்.

பிரஷர்காரர்கள் ஆடவே கூடாதா என்றால் தாராளமாக ஆடலாம். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, அளவு கட்டுக்குள் இருக்க வேண்டும். 160/100க்கு மேல் நிற்பவர்கள் டாக்டரைப் பார்க்காமல் ஆட வேண்டாம். ஊருக்குக் கிளம்ப மூன்று வாரம் முன்பே தினமும் அரை மணி வேக நடை ஆரம்பித்துவிடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு ரத வீதி இருக்கும்போது வேறு மைதானம் எதற்கு? ஆட்டத்தின்போது பக்கத்தில் நிற்பவரோடு ரெண்டு வரி பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருந்தால் அது உங்களுக்கு ஏற்ற வேகம். பேச முடியவில்லையா, ஒரு ஆட்டம் உட்காருங்கள். தோற்றுப்போனால் குடியா முழுகிவிடும்!

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் ஆடுமுன் அளவு பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ரெண்டு இட்லியோ ஒரு பழமோ சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். 250க்கு மேல் இருந்தால் அன்றைக்கு வேடிக்கை மட்டும். பையில் நாலு சாக்லேட் இருக்கட்டும், கை நடுங்கி வேர்த்தால் உடனே வாயில் போட. (இதைச் சாக்காக வைத்து கால் கிலோ பால்கோவாவைக் காலி செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.)

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். அன்று வெயிலும் கடும் உழைப்பும் ஆகாது என்பது பழைய விதி. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், அல்லது சாயங்காலம் ஐந்துக்கு மேல். நீர்மோரில் உப்பு, இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுங்கள். பானகமும் பதநீரும் பிள்ளைகளுக்கு நல்லது, சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது.

கணுக்கால் பிசகினால் நம்ம ஊரில் உடனே ஆள் வைத்து உருவுவார்கள். முதல் ரெண்டு நாள் உருவக் கூடாது. ஐஸைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்து, பட்டை சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். நாலு எட்டு எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகு, மூன்றாம் நாள் உங்கள் சித்த மருத்துவரைக் கேட்டு மூசாம்பரப் பற்றுப் போடலாம். குதிகாலுக்கு மேலே யாரோ கல்லால் அடித்த மாதிரி 'பட்'டென்று சத்தம் கேட்டு, கால் ஊன்ற முடியாமல் போனால் நரம்புச் சுளுக்கு என்று இருந்துவிடாதீர்கள். குதிகால் தசைநார் அறுந்திருக்கலாம். அதற்கு எலும்பு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அம்மா எங்கே நிற்கிறாள்?

குடும்பத்தோடு விளையாடப் போனோம் என்று போட்டோ காட்டுவார்கள். போட்டோவில் அம்மா இருக்க மாட்டாள். சமையல் வசதியுள்ள காட்டேஜ் என்று பிடித்து, ஸ்டவ், அரிசி, பருப்பு சகிதம் போயிருப்பார்கள். எல்லாரும் ஆடுகிற காலை நேரத்தில் அவள் பொங்கல் கிண்டிக்கொண்டிருப்பாள். வீட்டில் எடை கூடி, முட்டி வலித்து, சர்க்கரை எட்டிப்பார்க்கிற நிலையில் இருப்பவள் பெரும்பாலும் அவள்தான். ஆட்டம் யாருக்கு அதிகம் தேவையோ அவர் களத்திலேயே இல்லை!

அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது காலைச் சாப்பாடு கிடைக்கிற தங்குமிடமாகவோ, பக்கத்தில் நல்ல மெஸ் உள்ள தெருவாகவோ பாருங்கள். ஒரு ரூம் வாடகை கூடினாலும் பரவாயில்லை. பெண்கள் உடை மாற்ற மறைவிடமும், களத்துக்குப் பக்கத்தில் கழிப்பறையும் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். அது இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே ஆடுவார்கள். ராத்திரி நீர்க்கடுப்பு வரும். சேலையில் ஓட முடியாது என்று தயங்குகிற அத்தைமார்களுக்குச் சுடிதாரும் பட்டை வைத்த செருப்புக்குப் பதில் கேன்வாஸ் ஷூவும் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். புது ஷூவைப் பத்து நாளாவது வீட்டில் போட்டுப் பழகட்டும். மூட்டு வலிக்கிற பாட்டிக்கு வலையருகே ஒரு நாற்காலி போட்டு, வளையத்தை உட்கார்ந்தபடியே வீசிப் பிடிக்கச் சொல்லலாம். தோளுக்கும் விரலுக்கும் அதுவே நல்ல பயிற்சி.