வலுத்தவன் இருக்கும் மேசை

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ டன்ஜன் மாஸ்டராக உட்கார்ந்து கதை சொல்லி நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஒரே ஒருவன் எல்லாச் சண்டையையும் இரண்டு சுற்றில் முடித்துவிடுகிறான், மற்ற மூவரும் கைபேசியை நோண்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். “மாமா, அவன் ஏமாற்றவும் இல்லை, அதுதான் எரிச்சல்” என்ற வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். என் கல்லூரி நாள்களில் அந்த ஒருவன் நான்தான்.

வலுவை மட்டுமே தேடும் பவர் கேமர் என்று அவனைத் திட்டுவதற்கு முன் அவன் செய்ததைப் பார். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், கனமான ஆயுதம் ஏந்தும் வீரனுக்கு ஒரு திறன் உண்டு: அடி எதிரி மீது படும் வாய்ப்பில் 5 புள்ளியை விட்டுக்கொடுத்தால் சேதத்தில் 10 புள்ளி கூடும். இருபது முகப் பகடையில் அந்த ஐந்தை எப்படி ஈடுகட்டுவது என்று அவன் இரவெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறான். உன் ஆட்டத்துக்காக வீட்டுப்பாடம் செய்துவிட்டு வருகிறவன் அவன். ராபின் லாஸ் 2002-இல் ஆட்டம் நடத்துவோருக்காக எழுதிய கையேட்டில், ஆட்டக்காரர்களின் வகைகளுள் ஒன்றாகவே பவர் கேமரைச் சேர்த்தார். இப்படி ஆடுவது ஒரு ரசனை, நோய் இல்லை.

அவனை அடக்க இன்னும் பெரிய அரக்கனை இறக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அவன் தாங்குகிற அடியில் மற்ற மூவரும் முதல் சுற்றிலேயே விழுந்துவிடுவார்கள். தண்டனை அவனுக்கு என்பாய், சாவது அவர்களாக இருக்கும். இந்த ஆசை உனக்கு மட்டும் வந்ததில்லை. 1974-இல் டேவ் ஆர்னசனோடு சேர்ந்து இந்த ஆட்டத்தை வெளியிட்ட கேரி கைகாக்ஸ், தங்கள் கேரக்டரை யாராலும் அசைக்க முடியாது என்று மார்தட்டியவர்களை மனதில் வைத்தே ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற கல்லறைச் சாகசத்தை எழுதினார். அங்கே எவ்வளவு வலு இருந்தாலும், பச்சைப் பேய்முகத்தின் வாய்க்குள் நுழைந்தால் அத்தோடு சரி. ஆனால் அது 1975-இல் ஆரிஜின்ஸ் மாநாட்டுப் போட்டிக்காக எழுதியது. ஒருநாள் போட்டிக்குப் பொருந்துவது, வாராவாரம் கூடும் நண்பர்களுக்குப் பொருந்தாது.

கதைக்குள் பழிவாங்குவதும் பலிக்காது. என் டன்ஜன் மாஸ்டர் ஒரு திருடனை விட்டு என் வாளைக் களவாட வைத்தார். அடுத்த வாரம் வாளே தேவைப்படாத மந்திரவாதியோடு வந்து நின்றேன். அவர் கோபத்தைக் காட்டினார். நான் அதைப் புதிர் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகவே ஆட்டத்துக்கு வெளியே, ஒரு தேநீர்க் கடையில், தனியாக வைத்துப் பேசு. “நீ வலுவாக இருப்பதில் எனக்குக் குறையில்லை. மற்றவர்களுக்கு முறை வருவதே இல்லை” என்று நேராகச் சொல். ஒத்துக்கொண்டால், மற்ற மூவரின் திறன்களை எழுதிய கேரக்டர் ஷீட்டையும் செப்பனிட்டுக் கொடுக்கச் சொல். இவ்வகை ஆட்களுக்கு அதைவிடப் பிடித்த வேலை இல்லை.

உன் பக்கத்திலும் வேலை இருக்கிறது. கொன்றால் வெற்றி என்ற சண்டைகளைக் குறை. பாலம் சரிகிறது, அக்கரையில் கைதிகள், நடுவே பூட்டிய கதவு என்று வை. ஒருவனால் மூன்று இடத்தில் நிற்க முடியாது. அவன் கோடரிக்கும் ஓர் எதிரியை ஒதுக்கிவிடு.

ஆட்ட விதியின் சந்துபொந்துகளில் அவன் புகுந்தால் மட்டும் உறுதியாக நில். பிரபலமான ஒரு தந்திரம் உண்டு: ஆயிரக்கணக்கான குடியானவர்களை வரிசையாக நிறுத்தி, ஆறு விநாடிச் சுற்று ஒன்றுக்குள் ஒரு கம்பைக் கைமாற்றி, கடைசியில் அது பீரங்கிக் குண்டாகப் பாய்கிறது என்பார்கள். கைமாற்றும்வரை விதி, பாயும்போது இயற்பியல்! இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல். விதிப்படி அது சாதாரணமாக எறிந்த கம்பு, அவ்வளவே.

நான் எப்படித் திருந்தினேன் என்று கேட்பாய். ஒருநாள் எங்கள் குழுவில் அதிகம் பேசாத தோழி ஒருத்தி, வாயிற்காவலனிடம் நயமாகப் பேசி உள்ளே போகப் பார்த்தாள். அவள் வாக்கியம் முடிவதற்குள் நான் பகடையை உருட்டி அவனை வெட்டிச் சாய்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தன் பகடைகளைப் பையில் போட்டு நாடாவை இறுக்கினாள். அந்த மாலை முழுக்க அந்தப் பை திறக்கவில்லை.

வரும் சனிக்கிழமை ஒரு தாளில் நால்வர் பெயரையும் எழுதி வை. யார் செய்ததால் கதை திரும்பியதோ, அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடு. ஆட்டம் முடிந்ததும் அவனிடம் அதை நீட்டு. கணக்கில் கெட்டிக்காரன் அல்லவா, தானே கூட்டிப் பார்த்துக்கொள்வான்.

அன்புடன்,
மாமா