கீசரைக் கெடுப்பது உப்பா?

திருத்தணியில் கீசர் காயில் போய்விட்டது என்று கடைக்குப் போனால், "இந்த ஊர் உப்புத் தண்ணிக்கு எதுவும் தாங்காது" என்ற பேச்சு காதில் விழும். காயிலைச் சுற்றி ஓடு கட்டியிருக்கும் வெள்ளையைப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது நாக்கில் கரிக்கும் உப்பு இல்லை. அந்த உப்பு கொதித்தாலும் தண்ணீரில் கரைந்தேதான் இருக்கும். காயிலில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே பொருள். துளியும் கரிக்காத தண்ணீரிலும் அது தாராளமாக இருக்கலாம்.

திருத்தணி கடினப் பாறைப் பகுதி. மழைநீர் மண்ணில் இருக்கும் கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிப் பாறை இடுக்குகளில் இறங்குகிறது. போகிற வழியில் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. இந்த இரண்டின் அளவைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறோம். அதைத்தான் போர் போட்டு மேலே எடுக்கிறோம். சூடாக்கும்போது வாயு வெளியேறிவிடும். கரைந்திருந்த பைகார்பனேட், கரையாத கார்பனேட்டாக மாறி, சூடு மிகுந்த இடத்தில் போய் ஒட்டும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீரில் தினமும் 100 லிட்டர் காய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு படிந்தாலே வருடத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சேரும். 60 டிகிரிக்கு மேல் போனால் படிவது இன்னும் வேகமாகும். ஆகவே கீசரின் திருகை அந்த அளவுக்குள் நிறுத்துவது, எந்தக் கருவியும் வாங்காமல் இன்றே செய்யக்கூடிய வேலை.

ஓடு கட்டினால் கரண்ட் பில் இரட்டிப்பாகும் என்ற பயம் மிகை. காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் அதன் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும். சூடு சட்டென்று வெளியேற முடியாமல் காயில் தானே அளவுக்கு மீறிக் காய்ந்து வெடிப்பதுதான் உண்மையான நஷ்டம். கேஸ் அடுப்பில் வைக்கும் பாத்திரம் வேறு கதை. அடியில் வெள்ளை படிந்தால் அங்கே எரிபொருள் வீணாகும்.

வாஷிங் மெஷினுக்கும் இதே கணக்குதான். பச்சைத் தண்ணீரில் துவைக்கும் மெஷினில் ஓடு அதிகம் கட்டாது. ஹீட்டர் உள்ள மெஷினில் கட்டும்.

அதிகப் பணம் வீணாவது ஆர்.ஓ. விஷயத்தில். சமையலறையில் மாட்டிய ஆர்.ஓ., குளியலறைக் குழாய்க்கு எதுவும் செய்யாது. டி.டி.எஸ். மீட்டரும் கடினத்தன்மையைக் காட்டாது. கரைந்த உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, மின்சாரம் கடத்துவதை வைத்துச் சொல்லும் மதிப்பீடு அது. ஒரே எண் காட்டும் இரண்டு வீட்டுத் தண்ணீரில் ஒன்று கடினமாகவும் மற்றொன்று மென்மையாகவும் இருக்கலாம். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும் கருவி என்பதால் மீட்டர் எண் குறையாது. அதைப் பார்த்து "ஏமாந்துவிட்டோம்" என்று நினைப்பவர்கள் ஏமாறவில்லை, தவறான அளவுகோலைப் பிடித்திருக்கிறார்கள். வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் இரண்டு பாட்டிலில் போர் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் எடுத்து, சம அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். நுரைக்காமல் திரிதிரியாகப் போவது கடினநீர். துல்லியமான எண் வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பரிசோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி.

படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தன்மையைப் போக்காது. காய்ச்சினால் பைகார்பனேட் பகுதி மட்டும் குறையும். சல்ஃபேட், குளோரைடாக இருக்கும் கால்சியம் அப்படியே நிற்கும்.

சிறுநீரகக் கல்லுக்கு இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று பயந்து, குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை. கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. ஆனால் வெயில் ஊரில் தண்ணீர் குறைவாகக் குடிப்பது கல்லுக்கு நிச்சயம் வழிவிடும்.

பருப்பு வேகவில்லை என்றால் தண்ணீரைக் குறை சொல்லும் பாட்டிமார் சொன்னது சரி. கால்சியம் பருப்பின் தோலிலும் செல் சுவரிலும் உள்ள பெக்டினை இறுக்கிவிடுகிறது. ஒரு சிட்டிகை சமையல் சோடா அந்த இறுக்கத்தைத் தளர்த்தும்.

கடைசியாக ஆசிட். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் குழாயிலும் ஹீட்டர் ராடிலும் தேய்த்தால், வெள்ளையோடு சேர்த்து மேல்பூச்சும் உலோகமும் அரித்துப் போகும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும். பிளக்கைக் கழற்றி, ராடு ஆறிய பிறகு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கரைத்து, வெள்ளை படிந்த பகுதியை மட்டும் அரை மணி நேரம் ஊற வையுங்கள். பொங்கிப் பொங்கி ஓடு விட்டுவிடும்.