மாணவன் பெட்டிக்கும் இன்ஷூரன்ஸா?

கேள்வி (சின்னமனூர் வாசகர்): வீட்டுப் பொருளுக்கு இன்ஷூரன்ஸ் செய்யும் வழக்கம் எங்கே பிறந்தது? நம் தேசத்துக்கு எப்போது வந்தது?

பதில்: கடல்மேல் சரக்கு அனுப்பிய வணிகர்களிடமே காப்பீடு முதலில் வேர்விட்டது, இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் 1347ஆம் ஆண்டில் எழுதப்பட்ட கப்பல் காப்பீட்டு ஒப்பந்தம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆனால் வீட்டையும் வீட்டிலுள்ள பொருளையும் காக்கும் காப்பீட்டுக்கு மூலகாரணமாயிருந்தது, 1666ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டன் மாநகரத்தில் மூண்டு, சில தினங்களுக்குள் ஏறத்தாழ 13,200 வீடுகளைச் சாம்பலாக்கிய மகா அக்கினி விபத்தேயாகும். அதன்பின், வைத்தியம் பயின்று கட்டடத் தொழிலில் இறங்கியவரான நிக்கோலஸ் பார்பன் என்பவர், 1680ஆம் ஆண்டு வாக்கில் தீக்காப்பு ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தி, செங்கல் வீட்டுக்கு ஆண்டு வாடகையில் நூற்றுக்கு 2.5 பங்கும், எளிதில் தீப்பற்றும் மர வீட்டுக்கு 5 பங்கும் கட்டணமாக விதித்தார். திருட்டுக்கு ஈடு தரும் பாலிசியோ மேலும் 200 ஆண்டுகள் கழித்து, லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் கத்பர்ட் ஹீத் என்பவரால்தான் ஆரம்பிக்கப்பட்டது. ஒரே இரவில் ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிடும் நஷ்டத்துக்குப் பரிகாரமாகவே இந்த ஏற்பாடு தோன்றியது என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்.

நம் தேசத்தில், கல்கத்தாவில் 1850இல் தொடங்கிய டிரைட்டன் கம்பெனி, ஆயுள் அல்லாத பொதுக் காப்பீட்டுத் துறையில் முதலாவது. இந்தியர்கள் நடத்திய இந்தியன் மெர்க்கன்டைல் கம்பெனி 1907இல் வந்தது. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகள் அரசுடைமையாகி, நான்கு நிறுவனங்களாக ஒன்றுசேர்க்கப்பட்டன. அவற்றுள் யுனைட்டெட் இந்தியாவுக்குச் சென்னையே தலைமையிடம்.

கேள்வி (உத்தமபாளையம் வாசகர்): நாங்கள் படித்த காலத்தில் மாணவனுடைய சாமான்களுக்கு யாரும் காப்பீடு செய்ததில்லை. இப்போது மட்டும் ஏன் இந்தப் பேச்சு?

பதில்: தங்கள் ஊரில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தொடங்கப்பெற்ற 1956ஆம் ஆண்டிலேதான் ஆயுள் காப்பீட்டுக் கழகமும் உதயமாயிற்று, எனினும், அக்காலத்து மாணவன் விடுதிக்குக் கொண்டுபோன டிரங்குப் பெட்டி, ஜமுக்காளம், நாலு வேஷ்டி, புத்தகங்கள் ஆகிய இவையனைத்தும் திருடு போனாலும் மனக்கிலேசம் உண்டாகுமேயன்றிக் குடும்பம் நிலைகுலைந்து போகாது. இன்றோ, மாணவன் தோளில் மாட்டிச் செல்லும் பை ஒன்றிலேயே, நம் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சிறு விவசாயி ஒருவர் வாழைத்தாரையோ திராட்சையையோ விற்றுச் சேர்த்த மிச்சம் முழுவதும் அடங்கிவிடக்கூடும். பொருளின் மதிப்பு ஏறியதனால் பேச்சும் எழுந்தது.

கேள்வி (போடி வாசகர்): சென்னைக்கு ரயிலில் போகும் மாணவனின் பெட்டி வழியில் களவு போனால், ரயில்வே ஈடு செய்யாதா?

பதில்: பெரும்பாலும் செய்யாது. 1928இல் தங்கள் ஊருக்கு வந்த மீட்டர்கேஜ் ரயில் 2010ஆம் ஆண்டின் இறுதியோடு நின்று, பாதை அகலமாக்கப்பட்ட பின், 2023 ஜூன் 15இல் சென்னைக்கு நேர் வண்டி புறப்பட்டது. அதே மாதத்தில், பயணி தம்முடன் எடுத்துச் சென்ற பணம் ரயிலில் திருடு போனதை ரயில்வேயின் சேவைக் குறைபாடாகக் கொள்ள முடியாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆம் பிரிவும், ரசீது பெற்றுப் பதிவு செய்யாத மூட்டைக்கு, ரயில்வே ஊழியரின் அலட்சியமோ துர்நடத்தையோ நிரூபிக்கப்பட்டாலன்றிப் பொறுப்பில்லை என்கிறது. டிக்கெட்டுடன் சில பைசாக்களுக்குக் கிடைக்கும் பயணக் காப்பீடு உயிருக்கும் உடலுக்கும் உரியது, பெட்டிக்கு அன்று.

கேள்வி (கம்பம் வாசகர்): என் மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி என்ஜினீயரிங் படிக்கிறான். லேப்டாப், செல்போன், சைக்கிள் மூன்றும் அவனிடம் இருக்கின்றன. இன்ஷூரன்ஸ் செய்யலாமா, ஐயா?

பதில்: வீட்டுப் பாலிசி இருந்தால் அதுவே போதும் என்று பலர் கருதுகிறார்கள். அமெரிக்காவில், பெற்றோரின் வீட்டுப் பாலிசியே, பொருள்களுக்குரிய தொகையில் பொதுவாக 10 சதவீதம் என்ற வரம்புக்குள், விடுதியிலுள்ள பிள்ளையின் உடைமைகளுக்கும் பொருந்தும். இங்கே, 2021 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி, அதில் குறித்த விலாசத்திலுள்ள வீட்டையும் சாமான்களையும் தீ, வெள்ளம், பூகம்பம் முதலியவற்றினின்று காக்குமேயன்றி, கம்பத்து வீட்டுக்கு எடுத்த பாலிசி கோயம்புத்தூர் விடுதிக்குத் தானாகச் செல்லாது. திருட்டுக்கும், அத்தகைய விபத்து நேர்ந்து 7 நாட்களுக்குள் நிகழ்ந்தால்தான் அது ஈடு தரும். தனியே எடுக்கும் களவுப் பாலிசிகளோ, பூட்டை உடைத்தோ பலாத்காரமாகவோ உள்ளே புகுந்த அடையாளத்தைப் பொதுவாகக் கேட்பவை. ஆகவே, நால்வர் தங்கும் அறையில் கதவு திறந்துகிடக்க, சார்ஜில் போட்ட போன் மறைந்துபோனால், அங்கே நஷ்டம் உண்டு, ஈடு இல்லை.

அடுத்தது கணக்கு. உதாரணத்துக்கு, கணினியின் விலை 50,000 ரூபாய், ஆண்டுப் பிரீமியம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 25 ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது அது பறிபோகும் என்ற அச்சம் உள்ளவருக்கே கணக்கு நேராகிறது. ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கும் பாலிசியாயின், நான்காம் ஆண்டில் கைக்கு வருவது மிகவும் சுருங்கிவிடும்.

கறவை மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் செய்தவர்களுக்கு, காது வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை தெரிந்திருக்கும். கணினிக்கு அந்த வில்லை அதன் வரிசை எண், போனுக்கு ஐ.எம்.இ.ஐ. எண். இவற்றையும் வாங்கிய பில்லையும் இன்றே வீட்டில் பத்திரப்படுத்துங்கள். தொலைந்தால், போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெற்று, அரசின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளம் மூலம் போனை முடக்கலாம். இதற்குப் பிரீமியம் ஏதுமில்லை. பாலிசி எடுத்தும் கம்பெனி நியாயமின்றி மறுத்தால், அக்கம்பெனிக்கே எழுத்து மூலம் முறையிட்டு ஒரு மாதம் பார்த்த பின், சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) செலவின்றி முறையிடலாம்.

இனி என் அபிப்பிராயம். பறிபோன கணினிக்குப் பதில் வேறொன்று வாங்க, வீட்டு நகையை அடகு வைத்தே தீர வேண்டுமென்ற நிலை இருக்குமாயின், கணினி ஒன்றுக்கு மட்டும், திருட்டும் தற்செயல் சேதமும் இரண்டும் அடங்கிய பாலிசியை, விலக்குகளை வரிவரியாகப் படித்தபின் எடுங்கள். அந்த நிலை இல்லையாயின், அதே 2,000 ரூபாயை ஆண்டுதோறும் தபாலாபீஸ் கணக்கில் போட்டு வாருங்கள். போனுக்கு எச்சரிக்கையும் சைக்கிளுக்கு நல்ல பூட்டும் எந்நிலையிலும் போதும்.