தண்டனைக்குக் கணக்குக் கேட்பது

வட்டக்கச்சித் தம்பிக்கு,

ரொனால்டோவுக்கு மட்டும் ஏன் சலுகை என்று மைதானத்தில் பெடியளுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்ததாக எழுதியிருந்தாய். கேட்கவேண்டிய கேள்விதான். 2025 நவம்பர் 13ஆம் திகதி டப்ளினில், அயர்லாந்தின் பின்கள வீரர் டாரா ஓஷேயை முழங்கையால் இடித்ததற்காக அவருக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. பீஃபா மூன்று ஆட்டத் தடை விதித்தது. ஆனால் அதில் இரண்டை, ஓராண்டுக்கு இதுபோன்ற குற்றம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்திவைத்தது. மீதி ஒன்றை ஆர்மேனியாவுடனான ஆட்டத்திலேயே அவர் கழித்துவிட்டார். 2026 உலகக் கிண்ணத்துக்கான பாதை திறந்துவிட்டது.

தண்டனையை இப்படி ஒத்திவைக்க பீஃபாவின் ஒழுக்காற்றுக் கோவையில் இடம் உண்டு. போர்த்துக்கலுக்காக 226 ஆட்டங்கள் ஆடியவருக்கு அது முதல் சிவப்பு அட்டை என்பதும் உண்மை. ஆகவே, விதி மீறப்பட்டது என்று உன் சிநேகிதர்கள் சொல்வது நிற்காது. பேர் தெரியாத ஒரு சின்ன நாட்டு வீரர் அதே முழங்கையால் இடித்திருந்தால் அவருக்கும் இரண்டு ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டிருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அப்போது பதில் சொல்லவேண்டிய பொறுப்பு பீஃபாவின் தலையில் விழுகிறது.

லீக் ஆட்டங்களில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாக வரும். கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கவனமாகப் படி.

2023 மார்ச் 3. பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் வெளியேற்றுச் சுற்று. பெங்களூருவும் கேரளா பிளாஸ்டர்ஸும் 90 நிமிடங்கள் கோல் இல்லாமல் மோதி, மேலதிக நேரத்துக்குப் போனார்கள். பெங்களூருவுக்கு ஒரு பிறீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் இன்னும் தயாராகவில்லை, கோல்காப்பாளர் சுவரை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். பெங்களூருவின் சுனில் சேத்ரி விசிலுக்குக் காத்திராமல் பந்தை வலைக்குள் தட்டிவிட்டார். மத்தியஸ்தர் கிறிஸ்டல் ஜோன் கோல் என்றார். கேரளப் பயிற்றுவிப்பாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்கள் அனைவரையும் வெளியே கூப்பிட்டார். அவர்கள் திரும்பி வரவேயில்லை.

உதைபந்தாட்டச் சட்டத்தின் 13ஆம் விதி பிறீ கிக்கை உடனே உதைக்க இடம் கொடுக்கிறது. ஆனால் விசிலுக்குப் பிறகுதான் உதைக்கவேண்டும் என்று மத்தியஸ்தர் உணர்த்திவிட்டால் காத்திருந்தே ஆகவேண்டும். அப்படி உணர்த்தினாரா இல்லையா என்பதுதான் முழுச் சண்டையும். வீடியோ உதவியோடு முடிவைச் சரிபார்க்கும் ஏற்பாடு அந்த லீக்கில் அப்போது இருக்கவில்லை.

ஆட்டத்தைத் திரும்ப நடத்தும்படி கேரளா கேட்டது, கிடைக்கவில்லை. மார்ச் 31இல் அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஒழுக்காற்றுக் குழு கழகத்துக்கு 4 கோடி இந்திய ரூபாய் தண்டமும், பயிற்றுவிப்பாளருக்குப் 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் தண்டமும் விதித்தது. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவேண்டும், கேட்காவிட்டால் கழகத்தின் தண்டம் 6 கோடியாகும் என்றது. மன்னிப்புக் கேட்டார்கள். மேன்முறையீடு செய்தார்கள், அது ஜூனில் தள்ளுபடியானது. ‘மஞ்ஞப்பட’ என்ற கேரள ரசிகர் படை கொதித்தது.

ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனது பிழை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 4 கோடி என்பது எந்த அளவுகோலில் வந்தது? அதே நாட்டில் பத்தாண்டுக்கு முன் நடந்ததை எடுத்துப் பார். 2012 டிசம்பர் 9இல் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக ஆடிய மோகன் பகான், இடைவேளைக்குப் பிறகு களத்துக்கு வர மறுத்தது. அவர்களின் ஒடாபாவுக்குச் சிவப்பு அட்டை, ரகீம் நபிக்கு முகத்தில் கல்லடி. காரணம் கேரளாவுடையதைவிடக் கனமானது. ஆனாலும் மாத முடிவில் ஐ-லீக்கில் ஆட இரண்டு ஆண்டுத் தடை வந்தது. மூன்று வாரம் ஆகமுன்னரே, 2013 ஜனவரி 15இல், அந்தத் தடை நீக்கப்பட்டது. பதிலுக்கு 2 கோடி தண்டம். புள்ளிகளைப் பூச்சியத்திலிருந்து தொடங்கவேண்டும். 1889இல் பிறந்த, லட்சக்கணக்கான ரசிகர்களைக் கொண்ட கழகம் அது. ரசிகர் பலம் இல்லாத ஒரு புதுக் கழகத்துக்கும் அந்த மூன்று வார மனமாற்றம் கிடைத்திருக்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

தண்டனைகள் வேறுபட்டாலே அநியாயம் என்று முடிவு கட்டிவிடாதே. 2011 ஒக்டோபரில் நடந்த ஓர் ஆட்டத்தில் எதிரணி வீரர் பட்ரிஸ் எவ்ராவை இனவெறிச் சொல்லால் தாக்கினார் என்று லிவர்பூலின் லூயிஸ் சுவாரெஸ் பின்னர் 8 ஆட்டத் தடை பெற்றார். அதே மாதத்தில் அன்டன் பேர்டினண்டை இனவெறியோடு ஏசிய செல்சி அணித் தலைவர் ஜோன் டெரிக்கு, ஓராண்டு கழித்துக் கிடைத்தது 4 ஆட்டம் மட்டுமே. இங்கிலாந்துக்காரர் என்பதால் பாதித் தண்டனையா என்று லிவர்பூல் ரசிகர்கள் கேட்டார்கள். ஆனால் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் இரண்டு வழக்குக்கும் எழுத்தில் காரணம் வெளியிட்டிருந்தது. சுவாரெஸின் அறிக்கை மட்டும் 115 பக்கம். சுவாரெஸ் அந்தச் சொல்லை ஏழு தடவை சொன்னார், டெரி ஒரு தடவை சொன்னார் என்று அவற்றில் இருக்கிறது. பணத் தண்டமோ மறுபக்கம் சாய்ந்தது: டெரிக்கு 2,20,000 பவுண், சுவாரெஸுக்கு 40,000. இதை ஏற்காமலும் விடலாம், ஆனால் வாதாட ஒரு தாள் கையில் இருக்கிறது.

அந்த வழக்கில் ரசிகர்களும் கழகமும் செய்த பிழையையும் தெரிந்துகொள். தீர்ப்பு வந்த மறுநாள் லிவர்பூல் வீரர்கள் சுவாரெஸின் படம் போட்ட ரீசேர்ட் அணிந்து பயிற்சிக்கு இறங்கினார்கள். இன வசைக்கு ஆளான எவ்ராவின் பக்கம் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்று அணியில் இருந்த ஜேமி கரகர் 2019இல்தான் தொலைக்காட்சியில் எவ்ராவிடம் நேரே மன்னிப்புக் கேட்டார்.

நம்முடைய சுற்றுப்போட்டிகளிலும் அணிகள் பாதியில் வெளியேறுவதும், ஏற்பாட்டாளர்கள் அன்றிரவே கூடித் தண்டனை சொல்வதும் நடக்கிறது. அடுத்த சுற்றுப்போட்டிக்கு உங்கள் கழகம் பேர் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்தக் குற்றத்துக்கு எத்தனை ஆட்டத் தடை என்பது முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுத்தில் இருக்கவேண்டும். தண்டிக்கப்பட்ட பெடியனுக்குக் காரணம் எழுதிய கடிதம் கொடுக்கவேண்டும். மேன்முறையீட்டைக் கேட்பவர், மோதிய இரண்டு கழகத்தையும் சேராதவராக இருக்கவேண்டும். இவற்றை உங்கள் அணி வென்றுகொண்டிருக்கும் வருடத்திலேயே கேளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்