தரையே கூரையாக

மழைநீர் சேகரிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருவது வீட்டுக் கூரைதான். புல் வேய்ந்த சிறு குடிசையில் வாழ்பவர் என்ன செய்வது? மேற்கு இராஜஸ்தானின் தார்ப் பாலைவன மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை கண்டனர். அவர்கள் தரையையே கூரையாக்கிக் கொண்டனர்.

ஜெய்சல்மேர்ப் பகுதியில் ஓராண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும். பெய்கின்ற மழையையும் மணல் குடித்துவிடும். ஆகவே அங்கே மழையைப் பிடிக்க, முதலில் தரையைப் பக்குவப்படுத்த வேண்டும்.

திறந்த வெளியில் வட்டமாக ஓரிடத்தைத் தெரிந்து, புல் பூண்டுகளை நீக்குவர். அது நடுவை நோக்கி மெல்லச் சரியும்படி சமன் செய்வர். சரளை மண், குளத்து வண்டல், சாம்பல் என அருகில் கிடைப்பவற்றைப் பரப்பி, இடித்துக் கெட்டியாக்குவர். இத்தரைக்கு ‘ஆகோர்’ என்று பெயர். நடுவில் சுண்ணாம்புச் சாந்து பூசிய நிலத்தடித் தொட்டி இருக்கும். அதுவே ‘டாங்கா’. நீர் நுழையும் வாயில் கம்பிவலை குப்பையைத் தடுக்கும். மேல்மூடி வெயிலையும் தூசியையும் தடுக்கும்.

இதனால் எவ்வளவு நீர் கிடைக்கும்? நாமே கணக்கிடுவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் தரையில் 200 மில்லிமீட்டர் மழை 20,000 லிட்டராகும். அதில் பாதியே தொட்டியை அடைந்தாலும் 10,000 லிட்டர். ஐவர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் எடுத்தால், 400 நாட்களுக்குப் போதும்!

ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இம்முறையைச் செம்மைப்படுத்தி, 21,000 லிட்டர் கொள்ளும் டாங்காவை வடிவமைத்துள்ளது.

ஆனால் கட்டிவிட்டால் மட்டும் போதாது. மழைக்காலத்துக்கு முன் ஆகோரைப் பெருக்கி, வெடிப்புகளை அடைக்க வேண்டும். ஆடுமாடுகள் அதில் நுழையக் கூடாது. செருப்புக் காலுடன் மிதிப்பதும் தவறு. தரை அசுத்தமானால் குடிநீரும் அசுத்தமாகும் அல்லவா?

நெடுந்தொலைவு நடந்து நீர் சுமக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுகிறது. வாசலில் டாங்கா இருக்கும் வீட்டில், குடத்துடன் நடந்த அந்த நேரம் ஒரு சிறுமிக்குப் பள்ளி செல்லும் நேரமாகலாம்.

நாமும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு தட்டுகளில், ஒன்றில் மணலையும் மற்றொன்றில் இடித்துக் காயவைத்த களிமண்ணையும் நிரப்பிச் சாய்த்து வைப்போம். இரண்டிலும் ஒரே அளவு நீர் தெளித்து, வழிவதை அளப்போம். மழை குறைவே என்று வருந்துமுன், அதை ஏந்தத் தரையை ஆயத்தம் செய்தோமா என்று நம்மைக் கேட்டுக்கொள்வோம்.