பச்சிலையும் பரிசோதனையும்

நீரிழிவு நோயைச் சித்த மருத்துவ நூல்கள் 'மதுமேகம்' என்று குறிப்பிடுகின்றன. இந்நோய்க்கு நம் நாட்டு மக்கள் நெடுங்காலமாக நாவல் விதை, பாகற்காய், வெந்தயம், சீந்தில், சிறுகுறிஞ்சான் முதலியவற்றைப் பயன்படுத்தி வருகின்றனர். சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை உண்டால் சிறிது நேரம் இனிப்புத் தெரியாது. ஆதலால் அதற்குச் 'சர்க்கரைக்கொல்லி' என்னும் பெயரும் உண்டு. இந்தியில் வழங்கும் 'குட்மார்' என்னும் பெயருக்கும் வெல்லத்தை அழிப்பது என்பதே பொருள்.

மூலிகை இயற்கையானது, எனவே அது தீங்கு செய்யாது என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து சரியானதா? இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் ஒரு செடிக்கு உண்டெனில், அளவு மீறும்போது தீங்கு செய்யும் ஆற்றலும் அதற்கு இருக்கக்கூடும்.

ஐரோப்பாவில் 'கலேகா' என்னும் செடி பழங்காலத்தில் மருந்தாகப் பயன்பட்டது. ஆனால் அதனை மேய்ந்த ஆடுகள் நஞ்சேறி இறந்ததும் உண்டு. அச்செடியில் உள்ள வேதிப்பொருளையும் அதனோடு தொடர்புடைய பொருள்களையும் அறிவியலார் ஆராய்ந்தனர். அவ்வகையைச் சேர்ந்த 'மெட்ஃபார்மின்' 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன், நீரிழிவு நோயாளிகளுக்கு அதனை அளித்துக் கண்ட பயனை 1957இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்கப்படும் நீரிழிவு மாத்திரை அதுவே. நஞ்சும் மருந்தும் கலந்திருந்த இடத்தில் இரண்டையும் பிரித்துக் காட்டியது ஆராய்ச்சியே ஆகும்.

மூலிகை ஆய்வின் முதற்படி, செடி இன்னதென்று உறுதி செய்வது. 2021இல் மும்பை மருத்துவர்கள் சிலர், சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்ததைப் பதிவு செய்தனர். உட்கொண்ட மூலிகை எதுவென்று அவர்கள் ஆராயவில்லை என்றும், சீந்திலைப் போலவே தோன்றும் வேறு கொடிகள் தீங்கு தரலாம் என்றும் ஆயுஷ் அமைச்சகம் கூறியது. செடியை முதலிலேயே உறுதி செய்வதன் தேவை இதனால் விளங்கும்.

அடுத்து, ஈயம், பாதரசம் போன்ற உலோகங்கள் மூலிகையில் கலந்துள்ளனவா என்று பார்ப்பர். பின்னர் எலிகளுக்கு ஒருமுறை மட்டும் கொடுத்து 14 நாள்கள் கவனிப்பர். அதன்பின் 28 நாள்களும் 90 நாள்களும் நாள்தோறும் கொடுத்து, இரத்தம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றை ஆராய்வர். இவற்றில் தீங்கில்லை எனத் தெரிந்த பின்னரே, ஒப்புதல் அளித்த மனிதர் சிலரிடம் ஆய்வு தொடங்கும்.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். மாத்திரை உண்பவர் மருத்துவரிடம் கூறாமல் மூலிகையையும் சேர்த்து உண்டால், சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையலாம். அப்போது வியர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாகும். மூலிகையை நம்பி மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது அதனினும் கேடு.

நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணியே மருத்துவர் செயல்பட வேண்டும் என்பது வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கூறும் கருத்து. இன்றைய பரிசோதனை அவ்வளவுகளை எண்ணால் அறிய முயல்கிறது. எனவே அது மரபுக்குப் பகையன்று; மரபைக் காக்கும் துணையே.

சொற்பொருள்
மதுமேகம் – நீரிழிவு
கேடு – தீமை
ஒப்புதல் – இசைவு

வினாக்கள்
1. சிறுகுறிஞ்சானுக்குச் 'சர்க்கரைக்கொல்லி' என்னும் பெயர் வந்தது ஏன்?
2. மூலிகை ஆய்வின் படிகளை வரிசைப்படுத்தி எழுதுக.
3. 'பரிசோதனை மரபுக்குப் பகையன்று' – இக்கூற்றைக் கலேகா செடியின் வரலாற்றைக் கொண்டு விளக்குக.
4. உங்கள் பகுதியில் நீரிழிவுக்குப் பயன்படுத்தும் ஒரு மூலிகையின் பெயரைத் தமிழிலும் அப்பகுதி மொழியிலும் எழுதுக.